படர்தாமரை, சேற்றுப்புண், நகச்சொத்தை: மருந்தை வாங்குவது முதல் முடிப்பது வரை

மருந்துக் கடையில் நிற்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. ஒருவர் வருவார், குரலைத் தாழ்த்திக்கொள்வார். “அண்ணே, அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க. போன தடவை குடுத்தீங்களே, அதே.” எங்கே அரிப்பு என்று கேட்டால் தயங்குவார். தொடை இடுக்காக இருக்கும், இல்லையென்றால் இடுப்பாக இருக்கும். “போன தடவை” என்பது ஆறு மாதத்துக்கு முன்பு. அதற்கும் முந்திய தடவை ஒரு வருடத்துக்கு முன்பு. ஒவ்வொரு முறையும் நாலே நாளில் அரிப்பு நின்றிருக்கிறது, ஒவ்வொரு முறையும் முன்பைவிடப் பெரிதாகத் திரும்பி வந்திருக்கிறது.

அப்படித் திரும்பத் திரும்ப வருபவர்களுக்காகவும், முதல்முறையாக வட்டமாக ஒரு தடிப்பைப் பார்த்துப் பயந்து போனவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பூஞ்சைத் தொற்று முழுதாகக் குணமாகக்கூடியது. ஆனால் எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்ற மூன்றில் ஒன்று பிசகினாலும் வருடக்கணக்கில் இழுத்தடிக்கும்.

முதலில், இது பூஞ்சைதானா?

படர்தாமரை என்றால் ஓரம் சிவந்து, சற்றே மேடாக, செதில் செதிலாக இருக்கும். நடுப்பகுதி தெளிந்து வரும், வட்டம் வெளிப்புறமாகப் பெரிதாகிக்கொண்டே போகும். வியர்த்தால் அரிப்பு கூடும். இதை உண்டாக்கும் பூஞ்சைகள் நம் தோலின் மேலடுக்கிலும் முடியிலும் நகத்திலும் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்பவை. அதனால்தான் ஒரே பூஞ்சை உடம்பில் படர்தாமரையாகவும், கால்விரல் இடுக்கில் வெந்துபோனது மாதிரி வெள்ளையாகவும், நகத்தில் மஞ்சளாகவும் வெவ்வேறு முகம் காட்டுகிறது.

சேற்றுப்புண்ணை நம் ஊரில் வயலில் இறங்குபவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவில் தொடங்கும். நாள் முழுக்க ஷூ போட்டு நிற்பவர்களுக்கும் வரும்.

தேமல் வேறு வகை. அதை உண்டாக்கும் மலசீசியா என்ற பூஞ்சை எல்லோருடைய தோலிலும் சாதாரணமாகவே இருப்பது, எண்ணெய்ப்பசையில் வாழ்வது. வெயிலும் வியர்வையும் சேரும்போது பெருகி, மார்பிலும் முதுகிலும் கழுத்திலும் வெளிறியோ பழுப்பாகவோ மெல்லிய செதிலோடு திட்டுத் திட்டாகத் தெரியும். அரிப்பு அதிகம் இருக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். வெளிறிய திட்டு எதுவானாலும், அந்த இடத்தில் பஞ்சாலோ இறகாலோ மெல்லத் தொட்டுப் பாருங்கள். தொடு உணர்ச்சி குறைவாக இருந்தால் அது தேமல் அல்ல, தொழுநோயாக இருக்கலாம். கிரீம் வாங்க வேண்டாம். நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அதற்கான கூட்டு மருந்து இலவசம், சீக்கிரம் போனால் ஊனம் இல்லாமல் குணமாகலாம். குழந்தைகளின் கன்னத்தில் வரும் வெளிறிய, சொரசொரப்பான திட்டும் பல நேரம் பூஞ்சை அல்ல. அது வறண்ட தோலின் வேலை.

சந்தேகம் இருந்தால் எளிய பரிசோதனை ஒன்று உண்டு. தோல் மருத்துவர் ஓரத்திலிருந்து கொஞ்சம் செதிலைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். பூஞ்சை இழை இழையாகத் தெரியும். வலி கிடையாது, செலவும் அதிகம் ஆகாது. போகும் முன் சில நாட்கள் எந்த மருந்தும் பூசாமல் இருந்தால்தான் முடிவு சரியாக வரும். எத்தனை நாள் என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

டியூபைத் திருப்பிப் படியுங்கள்

என்னைக் கேட்டால் மொத்த வழிகாட்டியிலும் முக்கியமான இடம் இதுதான். பெயரையும் விளம்பரத்தையும் விடுங்கள். டியூபின் பின்னால் பொடி எழுத்தில் என்னென்ன மருந்துகள் கலந்திருக்கின்றன என்று எழுதியிருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டாவது அதைப் படியுங்கள், இல்லை வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

பூஞ்சைக்கு எதிரான மருந்து ஒன்று மட்டும் இருந்தால் நல்லது. குளோட்ரிமசோல் 1 சதவீதம், மைக்கோனசோல் 2 சதவீதம், கெட்டோகோனசோல் 2 சதவீதம், லுலிகோனசோல் 1 சதவீதம், செர்ட்டகோனசோல் 2 சதவீதம், டெர்பினாஃபின் 1 சதவீதம். இவற்றில் ஏதாவது ஒன்று, தனியாக.

ஆபத்தானவை நாலு மருந்தை ஒன்றாகக் கலந்த கிரீம்கள். ஒரு பூஞ்சை மருந்து, ஒன்றிரண்டு கிருமிக்கொல்லி, கூடவே ஒரு ஸ்டீராய்டு. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன், புளுசினோலோன் என்று எந்தப் பெயர் கண்ணில் பட்டாலும் அது ஸ்டீராய்டுதான். அதிலும் குளோபெட்டசாலையும் குளோட்ரிமசோலையும் ஆங்கில எழுத்தில் பார்த்தால் முதல் மூன்று எழுத்தும் ஒன்று. அவசரத்தில் படிப்பவர் இரண்டும் ஒன்றென்றே நினைப்பார். ஒன்று பூஞ்சையைக் கொல்லும் மருந்து. மற்றது இருப்பதிலேயே வீரியமான ஸ்டீராய்டுகளில் ஒன்று.

ஸ்டீராய்டு என்ன செய்கிறது? பூஞ்சையோடு சண்டை போடும் உடம்பின் எதிர்ப்பை அடக்கிவிடுகிறது. சிவப்பும் அரிப்பும் அந்தச் சண்டையின் அடையாளங்கள். சண்டை நின்றதும் அரிப்பு நிற்கிறது, நமக்கு நிம்மதி. பூஞ்சைக்கும் நிம்மதி. தடுக்க ஆளில்லாமல் பரவுகிறது. வட்ட வடிவம் கலைந்து, படை என்றே அடையாளம் தெரியாதபடி ஆகிவிடும். அதோடு முடிவதில்லை. தொடை இடுக்கிலும் அக்குளிலும் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு மாதிரி கோடு கோடாக விரிந்துவிடும். அந்தக் கோடுகள் பிறகு மறைவதில்லை. இருபது வயதுப் பிள்ளைகள் அந்தக் கோடுகளோடு வந்து நிற்கும்போது மனசு கனத்துப் போகிறது. இந்தியாவில் படர்தாமரை இவ்வளவு முரண்டு பிடிக்கும் நோயாக மாறியதற்கு இந்தக் கலவைகள் ஒரு பெரிய காரணம் என்று தோல் மருத்துவர்கள் வருடக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சட்டம் வந்துவிட்டது. கேட்கும் நாமும் கொடுக்கும் கடைகளும் மாற வேண்டும்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் அப்படி ஒரு கலவையைப் பூசிக்கொண்டிருக்கிறீர்களா? அதைத் தொடராதீர்கள், ஆனால் தனியாக நிறுத்திவிட்டு வீட்டிலேயே இருக்கவும் வேண்டாம். நிறுத்தியதும் சில நாள் சிவப்பும் அரிப்பும் கடுமையாகும். அதற்குப் பயந்துதான் பலர் மறுபடி அதே டியூபைத் தேடி ஓடுகிறார்கள். தோல் மருத்துவரிடம் அந்தப் பழைய டியூபையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது.

பூசும் முறை

தினமும் இருவேளை குளிக்கிறவர்கள்கூட ஈரத்தோடு மருந்து பூசிவிடுகிறார்கள். குளித்து, நன்றாகத் துவட்டி, இடுக்குகளில் ஈரம் காய்ந்த பிறகு பூசுங்கள். தெரியும் வட்டத்துக்குள் மட்டும் பூசினால் போதாது. ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு கட்டைவிரல் அகலம், நல்ல தோலிலும் பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை அங்கேதான் முன்னேறிக்கொண்டிருக்கும். பெரும்பாலான கிரீம்களை இரண்டு வேளை பூச வேண்டும். லுலிகோனசோல் போன்ற சிலவற்றுக்கு ஒரு வேளையே போதும்.

எவ்வளவு மருந்து? சுட்டுவிரலின் நுனி மடிப்பிலிருந்து விரல் முனை வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவுப் பரப்புக்குச் சரியாக இருக்கும். இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். இரண்டு கை அளவுக்குப் படை இருக்கிறது, நாளுக்கு இரண்டு வேளை என்றால் தினம் ஒரு கிராம். பத்து கிராம் டியூப் பத்து நாளில் தீர்ந்துவிடும். நான்கு வாரத்துக்கு மூன்று டியூப் வேண்டும். ஆனால் பலர் ஒரே டியூபை மாதக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். அரித்தால் பூசுவார்கள், அரிக்காவிட்டால் விட்டுவிடுவார்கள். படை திரும்பத் திரும்ப வரும் கதையில் பாதி இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

சரி, எப்போது நிறுத்துவது? அரிப்பு நின்ற அன்று அல்ல. தோல் முழுக்கத் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள். இருவேளை பூசுவது, இரண்டு சென்டிமீட்டர் தாண்டிப் பூசுவது, தெளிந்த பிறகு இரண்டு வாரம் தொடர்வது என்று மூன்றிலும் இரண்டு வருவதால் நினைவில் வைத்துக்கொள்வது எளிது. முதல்முறை வந்த சின்னப் படைக்கு மொத்தம் இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகலாம். பழைய படை என்றால் நான்கு வாரத்துக்கும் மேல்.

சேற்றுப்புண்ணுக்கும் இதே கிரீம்கள்தான். கூடுதலாக, விரல் இடுக்கைத் துணியால் ஒற்றி உலர வைப்பது மருந்துக்குச் சமம். இந்த வெடிப்புகள் வழியாகத்தான் வேறு கிருமிகள் காலுக்குள் நுழைகின்றன. யானைக்கால் உள்ளவர்களுக்குக் காய்ச்சலும் வீக்கமும் அடிக்கடி வருவதற்கு விரல் இடுக்குப் புண் ஒரு வழி. சர்க்கரை நோயாளிகளும் இதைச் சின்ன விஷயமாக விடக் கூடாது.

தேமலுக்கு உடம்பில் பல இடங்களில் பூச வேண்டியிருப்பதால் கெட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு வசதியானது. குளிக்கும் முன் நுரைத்துப் பூசி, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவலாம். செலினியம் சல்பைடு 2.5 சதவீதமும் கேட்கும். செதில் போன பிறகும் நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

நாட்டு வைத்தியம் பற்றிக் கேட்பீர்கள். சீமை அகத்தி இலையைப் படைக்கு அரைத்துப் பூசும் வழக்கம் நம்மிடம் உண்டு, வண்டுகொல்லி என்றும் அதைச் சொல்வார்கள். அந்த இலைக்குப் பூஞ்சையை எதிர்க்கும் குணம் இருப்பதும் உண்மை. சின்னப் படைக்கு அதைப் பூசுபவரை நான் தடுக்க மாட்டேன். பூண்டை அரைத்துக் கட்டுவதைக் கட்டாயம் தடுப்பேன். தோல் வெந்து கொப்புளமாகிவிடும்.

மாத்திரை எப்போது?

உடம்பில் பல இடங்களில் பரவியிருந்தால், கிரீம் பூசி நான்கு வாரத்தில் அடங்காவிட்டால், தலையில் வந்தால், நகத்தில் ஆழமாக இருந்தால் மாத்திரை வேண்டும். இதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஏன் என்பதையும் சொல்கிறேன்.

தலையில் வரும் படை பெரும்பாலும் குழந்தைகளுக்கானது. வட்டமாக முடி உடைந்து கொட்டும். முடியின் வேருக்குள் இருக்கும் பூஞ்சையைக் கிரீம் எட்டாது. குழந்தையின் எடைக்கேற்ப கிரிசியோஃபல்வின் அல்லது டெர்பினாஃபின் வாரக்கணக்கில் கொடுப்பார்கள். கிரிசியோஃபல்வினைக் கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால்தான் உடம்பில் சேரும், ஒரு டம்ளர் பால் போதும். 1950-களின் கடைசியில் இந்த மாத்திரை வருவதற்கு முன், பல நாடுகளில் தலைப்படை வந்த குழந்தைகளுக்கு எக்ஸ்ரே கதிர் பாய்ச்சி முடியை உதிர வைத்தார்கள். பின்னாளில் அவர்களில் பலருக்குப் புற்றுநோய் வந்தது. பழைய மாத்திரைதானே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

பெரியவர்களுக்கு அதிகம் எழுதப்படுபவை டெர்பினாஃபின், இட்ராகோனசோல், ஃபுளுகோனசோல். பூஞ்சையின் செல் சுவருக்கு உள்ளே இருக்கும் சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற பொருள் முக்கியமான பகுதி. மூன்றுமே அந்தப் பொருள் உற்பத்தியாவதைத் தடுக்கின்றன, டெர்பினாஃபின் ஓர் இடத்தில், மற்ற இரண்டும் வேறோர் இடத்தில். டெர்பினாஃபின் தடுக்கும் இடத்தை மாற்றிக்கொண்ட ஒரு பூஞ்சை இப்போது நம் நாட்டில் பரவலாக இருக்கிறது. ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று அதற்கு 2020-இல் பெயர் வைத்தார்கள், பெயரிலேயே இந்தியா இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்குக் கேட்காமல் போக இதுவும் ஒரு காரணம். அதனால் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்காதீர்கள்.

இட்ராகோனசோல் காப்ஸ்யூலைச் சாப்பிட்ட உடனே போட வேண்டும். அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். ஆனால் நம்மில் பாதிப்பேர் காலையில் எழுந்ததும் கேஸ் மாத்திரை போடுகிறோம். பான்டோபிரசோல், ஓமிபிரசோல் போன்றவை அமிலத்தைக் குறைப்பதால் விலை கொடுத்து வாங்கிய காப்ஸ்யூல் சரியாகச் சேராமலே போய்விடும். கேஸ் மாத்திரை போடுவதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு இட்ராகோனசோல் ஆகாது. கொழுப்புக்காகச் சிம்வாஸ்டாட்டின் போடுபவர்கள் இதைச் சேர்த்துப் போடவே கூடாது, தசைகள் பாதிக்கப்படும். ஃபுளுகோனசோல் சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தையும், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் வார்ஃபரினின் வேகத்தையும் கூட்டிவிடும். ஆக, தினமும் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போவதே நல்லது.

கல்லீரல் விஷயம் எல்லா மாத்திரைக்கும் பொது. வாரக்கணக்கில் போடுவதாக இருந்தால் தொடங்கும் முன் கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. நடுவில் ஒரு முறை செய்யச் சொன்னால் தவிர்க்காதீர்கள். பசி அடங்குவது, குமட்டல், சிறுநீர் கறுத்துப் போவது, கண் மஞ்சளாவது என்று எது தெரிந்தாலும் அன்றே மாத்திரையை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். டெர்பினாஃபின் சிலருக்கு நாக்கின் ருசியைக் கெடுக்கும். பெரும்பாலும் நிறுத்திய சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பிவிடும். கர்ப்பிணிகள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள், பாலூட்டுபவர்கள் கேட்காமல் எந்தப் பூஞ்சை மாத்திரையும் போட வேண்டாம். கிரிசியோஃபல்வின் எடுக்கும் ஆண்களும் முடித்து ஆறு மாதம் வரை குழந்தைக்குத் திட்டமிடக் கூடாது.

நகம் என்றால் பொறுமை

மஞ்சளாகி, தடித்து, பொடிப் பொடியாக உதிரும் நகம் எல்லாமே பூஞ்சை அல்ல. ஏறக்குறைய பாதிதான் பூஞ்சை. மீதி சோரியாசிஸ் என்ற தோல் நோய், அடிபட்டது, இறுக்கமான செருப்பு என்று பல காரணம். அதனால் மூன்று மாதம் மாத்திரை போடும் முன் நகத் துணுக்கைச் சோதித்துப் பார்ப்பதை வலியுறுத்திக் கேளுங்கள்.

நுனியில் மட்டும், ஒன்றிரண்டு நகத்தில் மட்டும் என்றால் நகப்பூச்சு மருந்து போதலாம். அமோரோல்ஃபின் 5 சதவீதம் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, சைக்ளோபிராக்ஸ் 8 சதவீதம் என்றால் தினமும். பூசும் முன் நகத்தை வெட்டி அரத்தால் தேய்த்து மெலிதாக்க வேண்டும். அந்த அரத்தை நல்ல நகத்துக்கோ வீட்டில் வேறு யாருக்குமோ கொடுக்கக் கூடாது. நகத்தின் அடிவரை போயிருந்தால் டெர்பினாஃபின் 250 மில்லிகிராம் தினம் ஒன்று, கைநகத்துக்கு ஆறு வாரம், கால்நகத்துக்குப் பன்னிரண்டு வாரம் என்பது வழக்கமான அளவு.

பன்னிரண்டு வாரம் முடிந்தும் நகம் அசிங்கமாகவே இருக்கிறதே என்று கோபத்தோடு வருவார்கள். கால் கட்டைவிரல் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். கெட்டுப்போன பழைய நகம் முழுக்க வெளியே தள்ளப்பட ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகும். மருந்து நகத்துக்குள் தங்கி, மாத்திரை நின்ற பிறகும் மாதக்கணக்கில் வேலை செய்யும். அடியிலிருந்து தெளிவான நகம் எழும்புகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மாதம் ஒரு முறை ஒரே வெளிச்சத்தில் செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

ஒரு விஷயம். பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து எப்போதும் கை நனைந்தபடி இருக்கும் பெண்களுக்கு நகத்தைச் சுற்றிய தோல் வீங்கிச் சிவந்தால் அது பெரும்பாலும் ஈரத்தாலும் சோப்பாலும் வருவது, அதில் கேண்டிடா என்ற வேறு பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். கை உலர்வாக இருப்பதே அங்கே முதல் மருந்து. அதற்காக நைஸ்டாட்டின் கொடுத்தால் கேண்டிடாவுக்குக் கேட்கும். படர்தாமரைக்கு நைஸ்டாட்டின் துளியும் கேட்காது.

வீட்டையும் சேர்த்துச் சரிசெய்யுங்கள்

ஒருவருக்கு மட்டும் மருந்து பூசி, அரிப்போடு இருக்கும் இன்னொருவரை விட்டுவிட்டால் துண்டு வழியாகத் திரும்ப வரும். வீட்டில் யார் யாருக்குப் படை இருக்கிறதோ எல்லோரும் ஒரே சமயத்தில் வைத்தியம் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஒரு துண்டு வேண்டும். உள்ளாடை, துண்டு, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் தனியாக வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் உள்பக்கம் வெளியே வரும்படி காயப் போடுங்கள். முடிந்தால் சூடாக இஸ்திரி போடுங்கள். இறுக்கமான ஜீன்ஸும் லெக்கிங்ஸும் வேண்டாம், தளர்ந்த பருத்தி உடை போதும்.

அப்புறம் அரைஞாண் கயிறு. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும் என்பது தெரியும். வியர்வையும் ஈரமும் ஊறிய கறுப்புக் கயிறு, தாயத்து நூல் ஆகியவை பூஞ்சைக்கு நல்ல தங்குமிடம். இடுப்பில் படை இருந்தால் குணமாகும் வரை கழற்றி வையுங்கள். குணமானதும் புதிதாக ஒன்று கட்டிக்கொள்ளலாம். வெள்ளியில் இருந்தால் கழுவித் துடைத்துவிடலாம்.

குணமான பிறகு அந்த இடத்தில் பழுப்பாகவோ கறுப்பாகவோ ஒரு தழும்பு நிற்கும், நம் நிறத்தவர்களுக்குக் கூடுதலாகவே. அரிப்பு இல்லை, ஓரம் மேடாக இல்லை, செதில் இல்லை என்றால் அது நோய் அல்ல, நிறம்தான். சில மாதங்களில் தானாக மங்கும். தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். அந்தக் கறுப்பைப் போக்க என்று யாராவது ஒரு டியூபைக் கொடுத்தால், அதையும் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்துவிட்டே வாங்குங்கள்.